ஜூடி இருக்கும்போது செபம் வேண்டாம்

செபமாலையின் முதல் வரியை மர்சலின் சொல்லி முடிப்பதற்குள் ஜூடி கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்து நடுங்கத் தொடங்கியது. தரையெல்லாம் மூத்திரம். கணவர் காஸ்பர் மாப்பு எடுக்கப் போனார். நாற்பது நாளில் இது மூன்றாவது முயற்சி. நான்கு தலைமுறையாகச் சாந்தோமில் குடும்பச் செபம் சொன்ன வீடு, ஒரு நாய்க்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தது.

தப்பு மர்சலினுடையதுதான். மகள் சான்ட்ரா பெங்களூர் வேலைக்குப் போனபோது, "ஆறே மாசம்தாம்மா" என்று விட்டுப்போன நாய். தனியாக விட்டால் ஊளையிட்டது. மாடி வீட்டு ஜெயலக்ஷ்மி இறங்கி வந்து சண்டை போட்டாள். மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் அடங்கும் என்றார் கால்நடை டாக்டர். அந்த வீட்டில் வேறென்ன குரல் இருக்கிறது? பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் பழைய போனில் செபமாலைப் பதிவைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினாள். இருபத்தெட்டு வருட டீச்சர். இது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஜூடி கற்றுக்கொண்டது ஒன்றுதான்: இந்தச் சத்தம் வந்தால் எல்லோரும் தன்னை விட்டுப் போய்விடுவார்கள்.

ஞாயிறு பூசைக்குக்கூட இருவரும் முறை வைத்துப் போனார்கள். ஒருநாள் தாங்க முடியாமல் துடைப்பத்தால் அடித்துவிட்டாள். அடி வாங்கிய நாய் அவள் காலடியிலேயே வந்து படுத்தது. அன்று மர்சலின் அதை வெறுத்தாள், தன்னை அதைவிட அதிகமாக.

"குடுத்துடலாம் மர்சி," என்றார் காஸ்பர். "நீ ஒழுங்கா தூங்கி எவ்ளோ நாளாச்சு?"

சான்ட்ரா போனில் அழுதுவிட்டுச் சம்மதித்தாள்.

சனிக்கிழமை காலை ஜூடியை அழைத்துப்போக அசோக் நகரிலிருந்து குருபிரசாத் என்பவர் காரோடு வந்தார். வீட்டில் அப்பாவும் அம்மாவும் எப்போதும் இருப்பார்களாம்.

"நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா மேடம்?"

"செபமாலை சொன்னா பயப்படும்."

அவர் சங்கடமாகச் சிரித்தார். "எங்க வீட்ல அதை யாரும் சொல்ல மாட்டாங்களே."

அப்படியென்றால் அங்கே அதற்கு ஒரு பயமும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

ஜூடி கூப்பிடாமலே பின்சீட்டில் ஏறிக்கொண்டது. பிரியப்போகிறோம் என்று அதற்குப் புரியவைக்க மர்சலினிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினால் போதும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றாள். கார் நகர்ந்தது. செபம் கேட்காததால் யாரும் எங்கும் போகவில்லை என்று நம்பிய ஜூடி, ஜன்னலில் தலையை நீட்டி, நாக்கைத் தொங்கவிட்டு, தெருமுனை திரும்பும் வரை அவளையே பார்த்துக்கொண்டு போனது.