மூலை அறைக்கு வந்த நாத்தனார்

கடலோரத்தில் இருந்த அந்த ஓட்டல் வெள்ளைக்காரர்கள் காலத்தில் கட்டியது. யானை நுழையும் உயரத்துக்குக் கதவு, அகலமான தேக்குப் படிக்கட்டு, கடலைப் பார்த்து வரிசையாக வளைவுகள் வைத்த தாழ்வாரம். அதன் இரண்டாம் மாடியில் இருபத்திரண்டு வருஷமாக அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரித்து வந்தவளுக்கு, உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் கறாரக்கா. அவள் விரித்த படுக்கையில் சுருக்கம் தேடினால் தேடுகிறவர்களுக்குக் கண்தான் வலிக்கும்.

அவளுடைய நாத்தனாருக்கும் அதே ஓட்டலில்தான் வேலை. நாற்பதைத் தாண்டியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டிதான். ஒன்பது வருஷத்துக்கு முன் மேனேஜரிடம் நடையாய் நடந்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே கறாரக்காதான்.

அந்த வருஷம் ஓட்டலுக்கு நூற்றைம்பது வயது நிறைந்தது. அதைக் கொண்டாட, வேலை செய்கிறவர்களில் ஒருவர் மூலை அறையில் ஒரு நாள் விருந்தாளியாகத் தங்கலாம் என்று மேனேஜர் அறிவித்தார். இரண்டு பக்கமும் கடல் தெரியும் அறை அது. தன்னைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவார்கள் என்று கறாரக்கா நினைத்தாள். பெட்டியில் இருந்த பட்டுப் புடவையை எடுத்து இஸ்திரிகூடப் போட்டு வைத்தாள்.

கூப்பிட்டது குட்டியை. தங்கிப் போனவர்கள் எழுதிய கடிதங்களில் பதினொன்றில் குட்டியின் பெயர் இருந்ததாம். கறாரக்காவின் பெயர் ஒன்றில்கூட இல்லை.

"என் தங்கச்சிக்குக் கெடச்சா என்ன, உனக்குக் கெடச்சா என்ன? எல்லாம் ஒண்ணுதானே?" என்றார் கணவர்.

"ஒண்ணுதான்" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

அதோடு விட்டதா? குட்டி தங்க வரும் நாளில் இரண்டாம் மாடி முழுக்கக் கறாரக்காவின் பொறுப்பு. நாத்தனார் படுக்கப் போகும் படுக்கையை அவள்தான் விரித்தாக வேண்டும். துணிகள் வைக்கும் அறையில் மேல் தட்டில் புது விரிப்புகள் அடுக்கியிருந்தன. கீழே ஒரு கூடையில், கிழித்துத் தரை துடைக்க ஒதுக்கி வைத்த பழசுகள் கிடந்தன. அவற்றில் ஒன்றில் நட்ட நடுவே முரட்டு நூலால் போட்ட ஒட்டு. அதை எடுத்தாள். படுப்பவரின் முதுகுக்கு நேரே ஒட்டு வரும்படி பார்த்து விரித்தாள். நான்கு மூலைகளையும் எப்போதும் போலக் கச்சிதமாக மடித்துச் செருகினாள்.

மத்தியானம் குட்டி முன்வாசல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தாள். வேலைக்காரர்கள் யாரும் கால் வைக்காத படிக்கட்டு. விருந்தாளி வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்பது அங்கே விதி. கறாரக்கா தள்ளுவண்டியோடு ஒதுங்கி நின்றாள்.

"வணக்கம் மேடம்."

"ஐயோ அண்ணி, நீங்களுமா!" என்று குட்டி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கறாரக்காவுக்கு மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிந்தது.

அரை மணி நேரத்தில் மூலை அறையிலிருந்து போன் வந்தது. போனாள். குட்டி போர்வையை விலக்கிவிட்டு, ஒட்டின் மேல் விரலை வைத்தபடி நின்றிருந்தாள்.

"இது தொடைக்கறதுக்கு ஒதுக்கினதாச்சே அண்ணி. இங்க எப்படி வந்துச்சு?"

கைதவறி வந்துவிட்டது என்று சொல்லலாம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு முறைகூடத் தவறாத கை அது. யார் நம்புவார்கள்?

"நான்தான் போட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். வயிறு எரிஞ்சுது குட்டி. நான் கொண்டுவந்து சேத்த ஆளு நீ. உனக்குப் பதினோரு கடுதாசி, எனக்கு ஒண்ணுகூட இல்ல."

குட்டி ஒட்டின் மேலிருந்து விரலை எடுத்தாள். பிறகு, "கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன்" என்றாள். உடனே தலையை ஆட்டினாள். "இல்ல, குடுத்திருக்க மாட்டேன். எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

கறாரக்கா புது விரிப்பைக் கொண்டு வந்தாள். மறுமுனையைப் பிடிக்கக் குட்டி எழுந்து வருவாள் என்று ஒரு கணம் காத்திருந்தாள். குட்டி ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். அவ்வளவு பெரிய கட்டிலை ஒற்றை ஆளாகச் சுற்றிச் சுற்றி வந்து விரித்தாள் கறாரக்கா.

"அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கு அண்ணி."

தூக்கித்தான் இருந்தது. சரி செய்தாள். நிமிர்ந்தபோது குட்டியின் கண் கலங்கியிருந்தது. சட்டென்று முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேற ஏதாவது வேணுமா?"

"வேணாம். கதவைச் சாத்திட்டுப் போங்க."

மறுநாள் சாயங்காலம் குட்டி அண்ணனைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். குளிக்கும் தொட்டியைப் பற்றியும், வெள்ளித் தட்டில் வந்த காலைச் சாப்பாட்டைப் பற்றியும் கதை கதையாகச் சொன்னாள். கறாரக்கா சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மெத்தையெல்லாம் எப்படி? நல்லாத் தூங்கினியா?" என்றார் அண்ணன்.

குட்டி கொஞ்சம் தயங்கினாள். "அண்ணி விரிச்சதாச்சே. கேக்கணுமா?"

கறாரக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு பழைய எரிச்சலும் வந்தது. குட்டியின் இடத்தில் தான் இருந்திருந்தால் இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியும். காட்டிக்கொடுக்காமல் இருக்கவும் இவளுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டாள்.

டீயைக் கொண்டுபோய் நீட்டினாள். குட்டி முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். அவள் பழையபடி அண்ணியிடம் வாயடிக்க மூன்று வாரம் ஆனது.