கப்பலுக்குச் சீரியல் செட்

முகம்மது சலீம் எதையும் அதன் அளவில் வைத்துப் பார்த்தவரில்லை. தென்காசியில் அவர் நடத்தும் அத்தர் கடையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். அதன் பெயர்ப்பலகையில் 'சர்வதேச நறுமண மையம்' என்று எழுதியிருக்கும். அப்படிப்பட்டவருக்கு, மூத்த மருமகன் நார்வேயில் ஒரு படகுக்குக் காவல் இருக்கிறான் என்று ஊரில் சொல்ல நாக்கு வருமா? 'கப்பல் கேப்டன்' என்றார். சொல்லிச் சொல்லி, இளைய மகள் ஹஃப்சாவின் நிக்காஹ் பத்திரிகையில் அது அச்சாகவே வந்துவிட்டது: 'கேப்டன் ஹம்தான், நார்வே.'

ஹம்தானின் மனைவி முஹ்ஸினாவுக்கு உண்மை தெரியும். அது கோடையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போய்த் திமிங்கலம் காட்டும் பழைய மரப்படகு. குளிர்காலம் முழுக்கத் துறையில் கட்டிக் கிடக்கும். முதலாளி வெயில் இருக்கிற நாட்டுக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை படகு மூழ்காமல் பார்த்துக்கொண்டு அதிலேயே தங்கியிருப்பதுதான் ஹம்தானின் வேலை.

"கட்டிப் போட்ட படகு எதுக்கு மச்சான் முங்குது?" என்று போனில் ஒருநாள் கேட்டாள்.

"இங்கன பனி பெய்யுதுல்லா, அது மேல்தட்டுல மூட்டை அடுக்குன மாதிரி ஏறும் புள்ள. வெயிட்டுல படகு கீழ இறங்கும். உள்ள இருக்க தண்ணி வெளிய போவ சைடுல ஓட்டை இருக்கு, கடலுக்குக் கொஞ்சம் மேல. அது முங்கிச்சின்னு வையி, அது வழியாவே கடல் உள்ள வந்துரும்."

"அப்ப பனிய தள்ளிரணும்."

"தள்ளிக்கிட்டே இருக்கணும். ஹீட்டர் ஓடணும், இல்லன்னா பைப்புல தண்ணி உறைஞ்சி பைப்பு வெடிச்சிரும். கசியுத தண்ணிய இறைக்க பம்பும் ஓடணும். அம்புட்டுக்கும் கரையில இருந்து வாரது ஒத்த வயர்தான்."

"கடல்ல விழுந்துட்டா? உங்களுக்குத்தான் நீச்சல் தெரியுமே."

"இந்தத் தண்ணிக்கு நீச்சல் தெரிஞ்சி என்ன செய்ய? கையும் காலும் வெறச்சிரும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் பேசும்போதெல்லாம், பேச்சைவிடப் பின்னால் பம்பு உறுமுகிற சத்தத்தைத்தான் அவள் கவனமாகக் கேட்டாள். அது கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

கல்யாணத்துக்கு ஹம்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. சலீம் அதையும் விசேஷமாக்கினார். மஹாலில் பெரிய எல்.இ.டி. திரை ஏற்பாடாயிற்று.

"மாப்ள, நிக்காஹ் முடிஞ்ச கையோட நீங்க கப்பல்ல நின்னு ஸ்கிரீன்ல வாரீய. கேப்டன் தொப்பி இருக்கும்லா?"

"கம்பளித் தொப்பிதான் மாமா இருக்கு."

"வெள்ளையில ஒண்ணு வாங்குங்க. பொறவு, கப்பல் பூரா சீரியல் செட் போட்ரணும். அங்கன இருட்டுதானே?"

"இந்த மாசம் சூரியனே வராது மாமா."

"ரொம்ப நல்லதாப் போச்சி!"

"கரண்டு தாங்காது மாமா. ஹீட்டரயும் பம்பயும் நிப்பாட்டுனாத்தான்..."

"கொஞ்ச நேரம்தானே? ரெண்டு ஸ்வெட்டரா போட்டுக்கிடுங்க. இன்னொண்ணு, அந்தப் பனிய தள்ளிராதீய. பனி கெடந்தாத்தான் வெளிநாடுன்னு நம்புவானுவ. எதுக்கெடுத்தாலும் எனக்குப் போட்டிக்கு நிக்கானே அந்தத் துல்கர்னைன், அவன் மருமவன் சுவிட்சர்லாந்துல நின்னு பனி போட்டோவா அனுப்பித் தள்ளுதான்."

பக்கத்தில் நின்ற முஹ்ஸினா குறுக்கே விழுந்தாள். "வாப்பா, பனி கெடந்தா படகு முங்கிரும்."

"நீ சும்மா கெடட்டி. கப்பலப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

சலீமுக்குத் தெரிந்த கப்பல், துபாயில் வேலை பார்த்தபோது நண்பரின் பால்கனியிலிருந்து பார்த்ததுதான். ஹம்தான் மறுத்திருக்கலாம். ஆனால் மாமனார் சொல்லைத் தட்டுவதைவிடக் கடலில் மூழ்கிப் போவது மரியாதை என்று நினைக்கிற ஊரில் பிறந்தவன் அவன். "சரி மாமா" என்றான்.

நிக்காஹ் நெருங்க நெருங்க அங்கே பனி கூடியது. "பாதியாவது தள்ளுங்க மச்சான்" என்று முஹ்ஸினா கெஞ்சினாள். "பாப்போம் புள்ள" என்றான். முதல் நாள் சாயங்காலம் சலீம் 'ட்ரையல்' பார்த்தார். விளக்கு போதாது என்றார், பச்சை குறைகிறது என்றார், திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார். அதற்குப் பிறகு கல்யாண வீட்டு அமளியில் முஹ்ஸினாவால் அவனிடம் பேச முடியவில்லை. பம்புச் சத்தம் கேட்காமலே விடிந்தது.

நிக்காஹ் அன்று குற்றாலத்தில் மழை ஊற்றியது. பேரருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை. இலஞ்சி ரோட்டு மஹாலின் தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில், ஆலிம்சாவின் துஆவுக்கு எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் ஆமீன் சொன்னார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் பச்சைத் திரைத்துணி. பெண்கள் பக்கம் ஒரு டிவி வைத்திருந்தார்கள்.

பேரீச்சம்பழம் கொடுத்து முடிந்ததும் சலீம் மைக்கைப் பிடித்தார். "வட துருவத்துலேருந்து, நமது மூத்த மருமகன், கேப்டன் ஹம்தான்!"

வீடியோக்காரர் பாண்டியராஜ் பொத்தானைத் தட்டினார். இருட்டு. அதற்குள் சிவப்பும் பச்சையும் நீலமுமாய்ப் படகு மின்னியது. மேல்தட்டில் பனி ஆள் இடுப்புக்குக் குவிந்து கிடந்தது. நடுவில் வெள்ளைத் தொப்பியோடு ஹம்தான். போனைக் கம்பியில் கட்டிவிட்டு நின்றான். உதடு நீலமாக இருந்தது. அது விளக்கின் நிறம் என்று சபை நினைத்தது.

அவனுக்குப் பின்னால் கரையில் நின்ற விளக்குக் கம்பம் சாய்ந்து தெரிந்தது.

"போன நேரா வையுங்க மாப்ள" என்றார் சலீம்.

ஹம்தான் நேராக வைத்தான். கம்பம் நேரானது. படகின் கைப்பிடிக் கம்பி சாய்ந்தது.

"என்ன சலீமு, கப்பல் ஒரு பக்கமா ஒறங்குது?" என்றார் முன்வரிசையிலிருந்த துல்கர்னைன்.

"ஒறங்கல ஓய், சபைக்கு சலாம் சொல்லுது!"

கைதட்டல் எழுந்தது. முஹ்ஸினா டிவியில் காதை வைத்தாள். பம்பு இல்லை. போனில் கூப்பிட்டாள், அவன் லைன் பிஸி. வேறு வழியில்லை. பச்சைத் துணியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் ஓடினாள். ஆலிம்சா பார்வையைத் தரையில் போட்டார். அவள் வாப்பாவின் கையிலிருந்த மைக்கைப் பறித்தாள்.

"மச்சான், பம்பு ஓடுதா?"

அவன் குரல் கொஞ்சம் தாமதித்து வந்தது. "இல்ல புள்ள. நேத்து ட்ரையலுக்குக் கழத்துனது. மாட்டிக் கழத்தி மாட்டிக் கழத்தி வெரலு வெறச்சிப் போச்சி. அப்படியே விட்டுட்டேன்."

"ஹீட்டரு?"

"அதும்தான்."

"கரைக்குக் குதிங்க. இப்பமே!"

"ஏட்டி, மைக்கக் குடு! சபையில கேப்டனப் போயி..."

"அவிய கேப்டன் இல்ல வாப்பா, வாட்ச்மேன்! படகு முங்குது!"

துல்கர்னைன்கூடச் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகப் பல வருஷம் காத்திருந்தவர் அவர்.

திரையில் ஹம்தான் குனிந்து படகின் விளிம்பைப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "படகு போச்சின்னா வேலையும் போச்சி புள்ள. உள்ள போயி பம்ப மாட்டிட்டு வந்துருதேன்."

"உள்ள போவாதீங்க மச்சான்!"

அவன் போய்விட்டான். ஆளில்லாத படகில் சீரியல் செட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு, பச்சை, நீலம். கரையில் நின்ற கம்பம் மெதுவாக மேலே ஏறியது. சில பேருக்குத்தான் புரிந்தது, ஏறுவது கம்பம் அல்ல. பனி மொத்தமாகச் சரிந்து விழுகிற சத்தம் ஸ்பீக்கரில் இடித்தது. விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. தண்ணீர் எதையோ விழுங்குகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை.

திரை காலியாகக் கிடக்கக் கூடாது என்று பாண்டியராஜ் கடமை உணர்ச்சியோடு மாப்பிள்ளையின் அவுட்டோர் ஷூட்டைப் போட்டார். கூலிங் கிளாஸோடு ஒருவர் ஐந்தருவி முன்னால் மெதுவாகத் திரும்பினார். யாரோ அதட்ட, அதுவும் அணைந்தது.

"நெட்வொர்க்கு..." என்று தொடங்கிய சலீமுக்கு மைக் இல்லாமல் குரலே வரவில்லை. சமையல்காரர் எட்டிப்பார்த்து, "பந்தி போடலாமா?" என்றார். ஒருவர் கையசைத்து அவரை உள்ளே அனுப்பினார். முஹ்ஸினாவைத் துணிக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

அவள் போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு எண். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று துறை ஆபீஸில் அவள் நம்பரை அவன் கொடுத்து வைத்திருந்தான். எடுத்தாள். ஒரு பெண் மூச்சிரைக்க ஏதேதோ சொன்னாள். அதில் 'ஹம்தான்' மட்டும் விளங்கியது. பிறகு போன் கைமாறியது. பேச்சு வரவில்லை. கடகடவென்று ஒரு சத்தம்.

"மச்சான்?"

கடகட.

"என்ன சொல்லுதாரு?" என்றார் சலீம், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"பல்லு அடிக்குது வாப்பா."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"அது கேக்குத வரைக்கும் ஆளு இருக்கு." அவள் போனைக் காதோடு அழுத்தினாள். "மச்சான், பேச வேண்டாம். அடிச்சிக்கிட்டே இருங்க, நிப்பாட்டிராதீங்க."

சலீம் திரும்பி, இரண்டு கையையும் விரித்துச் சபையை அமர்த்தினார். முந்நூறு பேரும் அசையாமல் இருந்தார்கள். கூரை மழையை மட்டும் அவரால் அமர்த்த முடியவில்லை.

கடகட. கொஞ்சம் விட்டு, கடகட. இன்னும் கொஞ்சம் கூடுதலாக விட்டு, ஒன்றே ஒன்று. தூரத்தில் ஏதோ வண்டியின் சைரன். அது அவனை ஏற்ற வருகிற வண்டியா, குற்றாலம் ரோட்டில் போகிற வண்டியா என்று அவளால் பிரித்துக் கேட்க முடியவில்லை. இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள்.