ஒதுக்கி வைத்த மூட்டை

"கரியா இது, கரியான்னு கேக்கறேன்! ஏரியில முக்கி எடுத்தாப்பல இருக்குது!"

"வாயை அளந்து பேசுடா சின்னதொர! வண்டி ஓட்டத் துப்பு இல்ல, என் கரி மேல பழி போட வந்துட்டான். இந்தத் தெருவே என் கரியிலதான் சோறாக்குது. உன் லாரிக்கு மட்டும் ஈரமா பூடுச்சா?"

"அப்புறம் ஏன் அத்தை விக்கிரவாண்டி தாண்டறதுக்குள்ள நின்னுபோவுது?"

"அதை உன் லாரியக் கேளு!"

காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் போட்டுவிட்டு நான் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன். விழுப்புரத்தில் திண்டிவனம் போகிற சாலையில் என் தையல் மிஷின் இருந்த இடம் அப்படி. நேர் எதிரே கெங்கம்மாளின் கரிக்கடை. யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் நான் தேடிப் போய்த் தெரிந்துகொண்டதில்லை. தானாகவே வந்து கண்ணில் விழும். அன்றைக்கு விழுந்தது கொஞ்சம் பெரியது. கடைக்கு முன்னால் ஒரு லாரி, லாரிக்கு முன்னால் இரண்டு ஜோடி மாடு. காணையிலிருந்து வெல்லம் ஏற்றிப் போன வண்டிக்காரர்கள், வழியில் செத்துக் கிடந்த லாரியைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கயிற்றை அவிழ்த்தபடி ஒருவன், "ராத்திரிக்கு லாரிக்கும் கொஞ்சம் வைக்கோல் போட்டு வைப்பா" என்றான். தெரு முழுக்கச் சிரித்தது. சின்னதுரை மட்டும் சிரிக்கவில்லை. முகமெல்லாம் கரி. அதில் வேர்வை இறங்கிக் கோடு கோடாக, கூத்தில் பாதி வேஷத்தோடு எழுந்து வந்தவன் மாதிரி நின்றான்.

யுத்த காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து வந்த மதராஸ்காரர்கள் திரும்பிப் போய்விட்டதற்கு அடுத்த வருஷம். பெட்ரோலுக்கு ரேஷன். லாரிகளெல்லாம் கரிக்கு மாறியிருந்தன. பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு தகர டிரம்மை நிறுத்தி, அதில் கரியைப் போட்டு மூட்டி, கையால் சுற்றும் விசிறியால் ஊதி, புகை பதமாக வந்த பிறகுதான் என்ஜின் கனைக்கும். பழைய டிரைவர்கள் பட்டாளத்து லாரி ஓட்டப் போய்விட்டார்கள். அதனால்தான் நேற்று வரைக்கும் கிளீனராகத் தொங்கிக்கொண்டு போன சின்னதுரைக்கு ஸ்டியரிங் கிடைத்தது. அவன் குடும்பத்தில் அதுவரை யாரும் அடுத்தவன் நிலத்தில் ஏர் பிடித்ததைத் தவிர வேறு எதையும் பிடித்ததில்லை. திண்டிவனத்தில் நிலக்கடலை உடைக்கிற மல்லாட்டை மில் வைத்திருந்த கோதண்டபாணி முதலாளியின் லாரி அது. திருச்சியிலிருந்து மதராஸ் வரைக்கும் ஓட்டம். டிரம்மின் சூட்டில் இடது விலா வெந்துபோகிறது என்பான். புகையில் தலை கிறுகிறுக்கிறது என்பான். பட்டாளத்து லாரிகள் வரிசையாக எதிரே வந்தால் சாலையை விட்டு வயலோரம் இறங்கி நிற்க வேண்டும், மறுபடி ஏற்றுவதற்குள் கரி வேகம் தணிந்துவிடுகிறது என்பான். ஆனாலும் சொல்லும்போது சட்டைக் காலரை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வான். அந்தக் காலரைத் தைத்தவன் நான்தான்.

விழுப்புரத்தில் ஒரு மூட்டை போட்டால் திண்டிவனம் வரைக்கும் வரும். அங்கே முதலாளி வீட்டுக் கரி இருக்கிறது. விழுப்புரத்தில் வேறு கரிக்கடை இல்லையா என்றால், ஸ்டேஷன் பக்கம் ஒன்று உண்டு. ஆனால் அங்கே பூமாலை இல்லை. பூமாலை கெங்கம்மாளின் ஒரே பெண். சின்னதுரைக்குத் தூரத்து உறவில் முறைப்பெண். வேலை நிலைத்தால் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் வாய்ப்பேச்சு முடிந்திருந்தது. அந்த வேலைதான் இப்போது ஆட்டம் கண்டது. லாரி நடுவழியில் படுத்தது இது இரண்டாவது தடவை. அன்று சாயங்காலமே திண்டிவனத்திலிருந்து, முதலாளியின் லாரியைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி அப்பாதுரை பஸ்ஸில் வந்து இறங்கினார். குடையைக் கூட மடக்காமல் சின்னதுரை மேல் பாய்ந்தார்.

"இன்னொரு தபா நின்னுச்சு, நீ எறங்கிக்கினே இருக்கலாம். கிளியனூர் பாண்டுரங்கன் பஸ் ஓட்டினவன், கேட்டுக்கினே இருக்கறான். அடுத்த சனிக்கிழமை நானும் உன் பக்கத்துல ஒக்காந்து வர்றேன். நீ ஓட்டற அழகைப் பாக்கறேன்."

தெருவுக்குச் சந்தேகமே இல்லை. பையனுக்கு ஓட்டத் தெரியவில்லை, கரி மேல் பழி போடுகிறான், அவ்வளவுதான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. காரணம் என் இஸ்திரிப் பெட்டி. அதற்கும் கெங்கம்மாள் கடைக் கரிதான். ஒரு நாளும் ஈரம் கிடையாது. போட்ட உடனே பிடித்துக்கொள்ளும். அப்படியென்றால் சின்னதுரை பொய் சொல்கிறான். ஆனால் அவன் கீழே கொட்டிக் காட்டிய கரியை, யாரும் பார்க்காதபோது நான் காலால் புரட்டிப் பார்த்திருந்தேன். பாதி வெந்தும் வேகாமலும் கிடந்த அந்தக் கரியில் ஈரம் இருந்தது. ஒரே கடைக் கரி, என் பெட்டிக்குக் காய்ந்தும் அவன் லாரிக்கு நனைந்தும் எப்படி இருக்கும்? ஒரு மனிதன் இதை விட்டுவிட்டு எப்படித் துணி வெட்டுவது?

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், பெட்டியில் கரி நிறைய இருந்தும், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று எதிர்க்கடைக்குப் போனேன். பூமாலை மட்டும் இருந்தாள். மூலையில் மற்ற மூட்டைகளோடு சேராமல் ஒரு மூட்டை தனியாக, கீழே பலகை போட்டு நிறுத்தியிருந்தது. சாமான்களில் மரியாதை கிடைத்த சாமான் மாதிரி. சாக்கின் வாயில் மஞ்சள் கறை.

"இது யாருக்கும்மா?"

"அது அவருக்கு. தொடாதீங்க டைலரே, அம்மா ஏசும்."

"மஞ்சளா இருக்குதே?"

"யாருக்குத் தெரியும்? கோயில்லேர்ந்து வந்துச்சுன்னா அம்மா மொதல்ல அந்த மூட்டைகிட்டத்தான் போவுது. நான் கேட்டா, அடுப்பப் பாருடிங்குது."

அவள் தராசுப் பக்கம் திரும்பியதும் சாக்கின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டேன். மேலே காய்ந்த கரி. அதற்கடியில் ஒரு வேப்பிலை. அதற்கும் அடியில் போக விரல் எட்டவில்லை. அதற்குள் வாசலில் கெங்கம்மாள். கையில் பித்தளைச் செம்பு, நெற்றியில் புதுக் குங்குமம். நான் இஸ்திரிக் கரிக்குக் கையேந்தி நிற்பவனைப் போல நின்றேன். அவள் என்னை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மாரியம்மன் கோயில் தீர்த்தத்தோடு வருகிறவள் யாரோடும் பேசமாட்டாள். நேராக மூலைக்குப் போனாள். சாக்கின் வாயைப் பிரித்தாள். செம்பில் இருந்த வேப்பங்கொத்தால் மஞ்சள் தண்ணீரை மும்முறை தெளித்தாள். அதோடு விட்டிருந்தால் ஒரு சேதமும் இல்லை. செம்பில் மிச்சம் இருந்தது. தீர்த்தத்தின் மிச்சத்தைக் கால் மிதிபடுகிற இடத்தில் ஊற்றக்கூடாது, செடிக்கு ஊற்ற வேண்டும். கரிக்கடையில் செடிக்கு எங்கே போவது? கெங்கம்மாள் செம்பை அப்படியே மூட்டைக்குள் கவிழ்த்தாள். பிறகு மேலே இரண்டு கை காய்ந்த கரியைப் பரப்பி, சாக்கின் வாயைக் கட்டினாள்.

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. பூமாலை உள்ளே போனதும், "கெங்கம்மா, லாரி ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

அவளுக்கு முகம் மாறியது. ஒரு செம்புத் தண்ணீருக்கும் ஒரு லாரிக்கும் உள்ள தொடர்பு அதுவரை அவளுக்கு உறைத்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

"தூர வழி போற புள்ள டைலரே" என்றாள். "தெளிக்காம எப்பிடி அனுப்பறது?"

"தெளிச்சதாலதான் நிக்குது."

அவள் சாக்கின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். "அவரு ரங்கூன் போனப்ப நான் தெளிக்கல. நேரமாச்சு நேரமாச்சுன்னு பேஜாரு பண்ணாரு. சரி போன்னு வுட்டுட்டேன்." அவள் புருஷன் தாண்டவராயன் ரங்கூன் போனதும், அங்கே குண்டு விழுந்ததும், நடந்து திரும்பி வந்தவர்களின் கூட்டத்தில் அவன் இல்லாததும் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெளிக்காமல் விட்டது மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நாளைக்கி மேஸ்திரி வர்றாரு. விஷயத்தை அவருகிட்டச் சொல்லிடு" என்றேன்.

"சொன்னா?" அவள் குரல் பழையபடி ஏறியது. "ஆத்தா தீர்த்தம் பட்டுத்தான் லாரி நின்னுச்சுன்னு அந்த மொதலாளி காதுல வுழுந்தா, ஆத்தாவே இவனை வாணாங்கறான்னு ஜல்தியா எறக்கி வுட்டுருவாரு. அந்த ஆளு பூனை குறுக்க போனா மில்லையே மூடறவரு. நீ உன் வேலையப் பாருய்யா."

அது உண்மை. கோதண்டபாணி முதலாளி செவ்வாய்க்கிழமை லாரியைத் தொடவிட மாட்டார். அப்படியானால் அவளிடம் மிச்சம் இருந்த வழி சுலபமானது. பேசாமல் காய்ந்த மூட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடலாம். நானும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்துப் படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் லாரி வரும்போது கெங்கம்மாள் கடையில் இல்லை. லாரி வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று, காய்ந்த கரிக்காகத்தான் சேந்தனூர்ப் பக்கம் போயிருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். முதல் நாள் கடையில் மிச்சமிருந்த மூட்டைகளெல்லாம் ஓட்டலுக்குப் போய்விட்டிருந்தன. அந்தத் தனி மூட்டை மட்டும் பலகை மேல் நின்றது. மேஸ்திரி அப்பாதுரை லாரியிலிருந்து இறங்கி, குடையை ஊன்றி நின்றார். சின்னதுரை முகம் கழுவி, நான் தைத்த சட்டையைப் போட்டிருந்தான். எப்போதும் போல அந்த மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து டிரம்மின் மூடியைத் திறந்தான். பூமாலை, நல்லபடியாகப் போய் வர வேண்டுமே என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாயில் ஊசி இருந்தது. அதைத் துப்பிவிட்டு எழுந்திருப்பதற்குள் சாலையில் ஒரு குரல்.

"கொட்டாதடா! கொட்டாத!"

கெங்கம்மாள் தலையில் ஒரு மூட்டையோடு ஓடி வந்தாள். முந்தானை தெருவைக் கூட்டிக்கொண்டு வந்தது. தலைமூட்டையை லாரி ஓரம் போட்டாள். மூச்சு வாங்கியது. "அது ஈரம். இதைப் போடு."

மேஸ்திரி நிதானமாக அந்தப் பழைய மூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டு, எடுத்து, விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஆக, பையன் சொன்னது நெசந்தான். தண்ணி ஊத்தியிருக்கறே. எடைக்கா?"

கெங்கம்மாள் சின்னதுரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் வாய்க்கு ஒரு தையல் போட்டாள்.

"ஆமாங்க" என்றாள். "எடைக்குத்தான்."

"த்தூ!" என்றார் மேஸ்திரி. "கட்டிக்கப்போற புள்ளைக்கே இந்த வேலையா?" அதற்குள் தெரு வாய் திறந்துவிட்டது. நேற்று வரை அதே கரியில் சோறாக்கியவர்கள் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் கரியும் ஈரமாகத்தான் இருந்தது என்று ஞாபகம் வந்தது. பூமாலை கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். சின்னதுரை மட்டும் அந்த ஈர மூட்டையைக் கவிழ்த்து, குனிந்து எதையோ பார்த்தான். நிமிரும்போது அவன் விரலில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"எடைக்கா அத்தை?" என்றான் மெதுவாக.

"ஆமாண்டா. ஆமாண்டாங்கறேன் இல்ல? பொழுது போவுது, கெளம்பு."

அவன் இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். புது மூட்டையைக் கொட்டி, விசிறியைச் சுற்றி, என்ஜினைக் கனைக்க வைத்து ஏறினான். லாரி விக்கிரவாண்டியைத் தாண்டியது, திண்டிவனத்தைத் தாண்டியது, மதராஸும் போய்ச் சேர்ந்தது. கிளியனூர் பாண்டுரங்கன் வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

தண்ணீர் ஊற்றுகிற கடை என்று பெயர் எடுத்த பிறகு கரி யார் வாங்குவார்கள்? நான் வாங்கினேன். ஓர் இஸ்திரிப் பெட்டி எவ்வளவு கரிதான் தின்னும்? சின்னதுரையின் அம்மா அஞ்சம்மாள், எடையில் கைவைக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டாள். அவன் என்ன சொன்னான் என்று அறியப் பல வகையில் முயன்றேன், கிடைக்கவில்லை. பூமாலையை ரயிலில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த விருத்தாசலம் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் காட்பாடி போய்விட்டார்கள். சின்னதுரை திண்டிவனத்திலேயே ஜெயம் என்ற பெண்ணைக் கட்டினான். அழகான பெண்தான், கொஞ்சம் உரக்கப் பேசுவாள். கெங்கம்மாள் கடையைப் பூட்டிவிட்டு முகையூரில் தம்பி வீட்டுக்குப் போனாள். நான் மிஷினை இடம் மாற்றவில்லை. எதிரே பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டே தைத்தேன்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்து, டிரம்மைக் கழற்றிய பிறகும் அந்த லாரி அதே சாலையில்தான் போய்க்கொண்டிருந்தது. முகையூரில் மல்லாட்டை மில் கிடையாது. மதராஸ் போகிற வழியும் அது இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் லாரியைப் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். நான் நம்பவுமில்லை, விடவுமில்லை. ஒரு சனிக்கிழமை காலை, எதிரே மாடுகள் கூட்டமாக வந்ததால் லாரி என் கடைக்கு நேராக நின்றது. சின்னதுரை என்னைப் பார்த்துத் தலையசைத்து, காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். முன்பக்கம், என்ஜின் மூடிக்கு மேல், சணல் கயிற்றில் ஒரு வேப்பங்கொத்து. பறித்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. வண்டியின் முகமெல்லாம் சாலைப் புழுதி. வேப்பங்கொத்துக்குக் கீழே மட்டும் புழுதியைக் கழுவிக்கொண்டு மஞ்சளாக இரண்டு மூன்று கோடுகள் இறங்கி, இன்னும் அழியாமல் இருந்தன.