அடங்காத அலாரம்

"கீச்!"

அந்தச் சனியன் மறுபடியும் கத்தியது. வேம்பு கரண்டியை ரசத்திலேயே போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடி வந்தாள். படுக்கையறை வாசலுக்கு நேர் மேலே, வெள்ளைத் தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த புகை அலாரத்தை அண்ணாந்து பார்த்தாள். புகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் பார்க்கிறவரை கம்மென்று இருந்தது. திரும்பி ஓரடி வைத்தாளோ இல்லையோ, "கீச்!"

காலையிலிருந்து இதே கூத்து. அலாரத்தை அங்கே அழகுக்கா மாட்டியிருக்கிறார்கள்? அவள் கணவர் ஸ்ரீரங்கனுக்கு நுரையீரல் கெட்டுப்போய், இந்த அடையாறு ஃபிளாட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்து மூன்று வாரம் ஆகிறது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, அறையின் காற்றை இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரித்துக் குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்புகிற மெஷின். அதைக் கொண்டுவந்து வைத்த கம்பெனி ஆள் போகிற போக்கில், "நெருப்பு மட்டும் கிட்ட வரக்கூடாது மேடம், குப்புன்னு புடிச்சிக்கும்" என்றான். வேம்பு அன்றோடு சாம்பிராணியை நிறுத்தினாள். ஸ்வாமி விளக்கைக்கூட இரண்டு சுலோகத்துக்குள் மலையேற்றிவிடுவாள். டாலஸில் இருக்கும் மகன் கிரீஷ்தான் அம்மாவின் பயம் தாங்காமல் இந்த அலாரத்தை வாங்கி, ஆள் வைத்து மாட்டவும் செய்தான்.

இப்போது அவனுக்குத்தான் போன் போட்டாள்.

"பேட்டரி தீந்துபோயிருக்கும்மா. அதான் விட்டு விட்டுக் கத்தறது. நெஜமாவே புகைன்னா விடாம அலறும்."

"மாட்டி மூணு வாரம்கூட ஆகலையேடா!"

"மட்டமான பேட்டரியா இருக்கும். நீ ஸ்டூல்ல ஏறாதே, சொல்லிட்டேன். யாரையாவது கூப்பிடு."

எதிர் ஃபிளாட் ஃபராஸைக் கூப்பிட்டாள். தி. நகரில் பேக் கடை வைத்திருப்பவன், கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். வந்ததும், "இன்னா ஆண்டி, காலைலேர்ந்து உங்க வூட்ல குருவி கத்திக்கினே கீது?" என்றான். வேம்பு பதறிப்போய் வாயில் விரலை வைத்தாள்.

"மெதுவா! மாமா தூங்கறார். ராத்திரி பூரா பொட்டுக் கண் மூடலை. இப்பத்தான் பகவான் புண்ணியத்துல அசந்து தூங்கறார்."

திறந்திருந்த கதவு வழியாக இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்ரீரங்கன் வாய் லேசாகத் திறந்தபடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் சாய்த்துக் கிடந்தார். ஃபராஸ் தலையாட்டிவிட்டுப் பூனை மாதிரி ஸ்டூலில் ஏறினான்.

புதுப் பேட்டரி போட்டான். கத்தியது. தூசி அடைத்திருக்குமோ என்று பழைய பல் பிரஷால் தட்டித் துடைத்தான். கத்தியது. பட்டனை அழுத்திப் பிடித்தான்; வீடே அதிர ஒருமுறை ஊளையிட்டு ஓய்ந்தது. அந்த ஊளைக்கும் ஸ்ரீரங்கன் அசையவில்லை. நல்ல தூக்கம், கலையாமல் இருந்தாலே போதும் என்று வேம்பு நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷமே மறுபடி, "கீச்!"

"ஆண்டி, சொவத்துக்குள்ள வயரு எங்கனா கருகுதா?"

கேட்க வேண்டிய கேள்வியா இது! வேம்பு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள், சிலிண்டரை மூடினாள். ஒவ்வொரு சுவிட்ச் போர்டையும் முகர்ந்தாள். சூடு தெரிகிறதா என்று சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கோ தீ கனன்றுகொண்டிருக்கிறது, இந்தக் கடன்கார அலாரத்துக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. இவரை எப்படி நாலு மாடி இறக்குவது?

"இருங்க, பயப்படாதீங்க." ஃபராஸ் அலாரத்தைத் திருகிக் கழற்றி, வயிற்றைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினான். "டப்பா இந்தக் கைல கீது, பேட்டரி இந்தக் கைல கீது. இனிமே எப்டிக் கத்தும்னு பாத்துடலாம்."

"கீச்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஃபராஸின் முகம் வெளுத்துவிட்டது.

"யா அல்லா. ஆண்டி, சத்தம் இங்கேர்ந்து வரலை. உள்ளேர்ந்து வருது!"

வேம்புவின் வீட்டில் உறை போடாத சாமான் கிடையாது. ஃபிரிட்ஜுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, டிவி ரிமோட்டுக்குக்கூட ஒரு பிளாஸ்டிக் சட்டை. மெட்ரோவுக்குத் தோண்டுகிற மண்ணெல்லாம் ஜன்னல் வழியாக வந்து படிகிறதே, இத்தனை விலை மெஷின் பாழாகிவிடுமே என்று, நேற்றுச் சாயங்காலம் தடித்த படுக்கை விரிப்பைக் கத்தரித்து, அளவெடுத்துத் தைத்து, ஆக்சிஜன் மெஷினுக்கும் தரை வரைக்கும் மாட்டிவிட்டிருந்தாள். அது மூச்சு இழுக்கிற வாய் முதுகுப் பக்கம் இருக்கிறது, அதை மூடக்கூடாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நெருப்பைப் பற்றிச் சொன்ன மகராசன் இதைச் சொல்லவில்லையே.

படுக்கையறைக்குள் ஓடி மெஷினின் உறையைப் பிடித்து இழுத்தாள். வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. மெஷினின் தலையில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. துணிக்குள் கீச்சென்று அமுங்கிக் கிடந்த சத்தம் இப்போது காதைத் துளைத்தது.

"ஏன்னா! ஏன்னா!" தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் முகம் தொய்ந்து இந்தப் பக்கம் திரும்பியது. உதடெல்லாம் நாவற்பழம் தின்றவன் வாய் மாதிரி ஊதா நிறம். "ஐயோ, இதையா தூங்கறார்னேன்! பாவி, இதையா தூங்கறார்னேன்!"

மூலையில் அவசரத்துக்கென்று வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை ஃபராஸ் இழுத்து வந்தான். சாவி திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தையும் போட்டுத் திருகினான், புஸ்ஸென்று திறந்தது. வேம்பு மெஷினிலிருந்து குழாயைப் பிடுங்கி அதில் சொருகினாள். ஃபராஸ் ஆம்புலன்ஸுக்குப் போனில் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினாள். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை எழுபதுக்குக் கீழே காட்டியது. பெருமாளே, என் தாலியை நானே அறுத்துக்கொண்டேனா என்று அந்த எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எண் ஏறியது. ஒன்று ஒன்றாக, உயிரை வாங்கிக்கொண்டு ஏறியது. உதட்டின் ஊதா வெளிறத் தொடங்கியபோது ஸ்ரீரங்கன் கண்ணைத் திறந்தார். எங்கேயோ பார்த்துவிட்டு, மெல்ல அவளைத் தேடிப் பிடித்தார்.

"கூப்பிட்டேன்டி," என்றார். குரலே வரவில்லை, உதடுதான் அசைந்தது. "எத்தனை தரம் கூப்பிட்டேன். நீ மேலேயே பாத்துண்டிருந்தே."

ஆம்புலன்ஸ் வருகிறவரை வேம்பு அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.