கத்தரிக்கோலில் இல்லாத பட்டன்

பிற்பகல் மூன்று மணிக்குத் தையல் கடையில் கணினிப் பாடம் தொடங்கியது. சொல்லிக்கொடுத்தவள் தையல்காரியின் ஓரகத்தி. மாலை விருந்துக்கு அந்த ஓரகத்தி போடவேண்டிய மேல்சட்டைக்கான பட்டு இன்னும் வெட்டப்படாமல் மேசையில் கிடந்தது.

“டெலீட்னா அழிக்கிறது. அண்டூ அழுத்தினா அழிச்சது திரும்பி வந்துரும்க்கா.”

தையல்காரி திரையில் இருந்த தன் பெயரை அழித்தாள், மீட்டாள். கடைப் பெயரை அழித்தாள், அதையும் மீட்டாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றுக்குப் பத்து தடவை அளந்தே துணியைத் தொடுகிறவள், “இனிமே எதுக்குடி பயம்!” என்று சிரித்தபடி, அளக்காமலே கத்தரிக்கோலை ஓட்டினாள்.

சரக்! கழுத்து இடுப்புவரை இறங்கிவிட்டது.

தையல்காரி வெட்டின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தாள்.

“அடியே, அந்த அண்டூவ இதுல எங்க அழுத்தணும்?”