மச்சான் எழுதிய ஐந்து 'இல்லை'

வலி சுத்தமாகப் போய்விட்டது என்று முழக்கம் அறிவித்தபோது, டாக்டரம்மா கை கழுவுவதை நிறுத்தினாள்.

முழக்கம் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். மேடை ஏறினால் அவருக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை. ஆனாலும் நான்கு வைக்கச் சொல்வார். முதுகெலும்புள்ள மனிதன் எப்படித் தலைநிமிர்வான் என்று ஊர் ஊராக இரண்டு மணி நேரம் நின்று பேசியே தன் முதுகெலும்பைக் கோட்டை விட்டவர். மூன்று வாரத்துக்கு முன், இடுப்பிலிருந்து குதிகால் வரை மின்சாரம் பாய்கிறது என்று மச்சானின் தோளைப் பிடித்தபடி இந்த அறைக்குள் வந்தார். சியாட்டிகா என்ற நரம்பு வலி. மேஜையைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"சடக்குன்னு சத்தம் வருமில்ல?"

"வராதுங்க."

டாக்டரம்மாவின் முதுகெலும்பு வைத்தியத்தில் கத்தியும் கிடையாது, சத்தமும் கிடையாது. நடுவில் மடங்கும் மேஜையில் குப்புறப் படுக்கவைத்து, கால்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி, உள்ளங்கையால் இடுப்பெலும்புகளுக்கு நடுவே மெல்ல இடம் பண்ணிக்கொடுப்பாள். கைதட்டல் இல்லாத எந்தக் காரியத்தையும் நம்பாதவருக்கு இது பெரிய ஏமாற்றம். இருந்தும் இரண்டாவது தடவை தானாகவே மாடிப்படி ஏறினார். மூன்றாவது தடவை மச்சானை வாய்நிறையத் திட்டும் அளவுக்குத் தேறியிருந்தார்.

இன்று நான்காவது தடவை.

"நேத்து வரைக்கும் நெருப்பும்மா. காலையில எழுந்தா போயே போச்சு! உங்க கையில என்னவோ இருக்கு. சாயங்காலம் மேடையில உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லப்போறேன்."

"நேத்து என்ன பண்ணீங்க?"

"மாநாட்டுல இளைஞருங்க தோள்ல தூக்கிட்டாங்க," என்றார் மச்சான். முழக்கத்திடம் எதைக் கேட்டாலும் மச்சான்தான் பதில் சொல்வார். "அத்தானோட எடை அவங்களுக்குத் தெரியல."

"கீழ போட்டுட்டாங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. தரை கொஞ்சம் சீக்கிரம் வந்துடுச்சு."

வலி படிப்படியாகக் குறைந்தால் சந்தோஷப்படலாம். விழுந்த மறுநாள் ஒரேயடியாகக் காணாமல் போனால், நரம்பே செத்துக்கொண்டிருக்கிறதோ என்று பயப்பட வேண்டும். அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மேஜையில் ஏறுமுன் நிரப்ப வேண்டிய தாள் அது. காய்ச்சல் உண்டா, காலில் பலம் குறைந்ததா, தொடையிடுக்கு மரத்ததா, சிறுநீர் தடைபடுகிறதா, மலம் தடைபடுகிறதா. ஐந்துக்கும் குண்டு குண்டான கையெழுத்தில் 'இல்லை'.

"அவரைக் கேட்டா எழுதினீங்க?"

மச்சான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அத்தானுக்கு அதெல்லாம் வருமாம்மா?"

அவள் முழக்கத்தின் கால் பெருவிரல்கள் மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். "மேல தூக்குங்க."

வலது பெருவிரல் அவள் விரலைத் தள்ளியது. இடது பெருவிரல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. முழக்கம் மூச்சைப் பிடித்தார், முகம் சிவந்தார்.

"தூக்கிட்டேன்," என்றார்.

தூக்கவில்லை.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்று மச்சானிடம் சொன்னாள்.

"நான் இல்லாம அத்தான் எப்படி..."

"வெளிய."

கதவு மூடியது. "காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போனீங்களா?"

"அம்மா, மனித உடல் என்பது..."

"போனீங்களா, இல்லையா?"

முழக்கம் சுவரைப் பார்த்தார். "நாலு தடவை போய் நின்னேன்."

"வந்துச்சா?"

"நின்னேன்னுதானே சொல்றேன்." குரல் முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. "உட்கார்ந்தாலும், பஞ்சு மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு."

அவள் போனை எடுத்தாள். "இது என் கையால ஆகிற வேலை இல்லீங்க. டிஸ்க் பிதுங்கி நரம்புக் கத்தையையே நசுக்குதுன்னு நினைக்கிறேன். உடனே ஸ்கேன் எடுக்கணும். அதுதான்னா இன்னிக்கே ஆபரேஷன். தள்ளிப்போட்டா அந்தக் கால் விளங்காமப் போகலாம், ஒண்ணுக்குப் போக ஆயுசுக்கும் குழாய் போட்டுக்கிட்டுத் திரிய வேண்டியிருக்கும்."

"ஆறு மணிக்கு மூவாயிரம் பேர்மா! பேசி முடிச்சு எட்டரைக்கெல்லாம்..."

"கூடாது."

"சரி, ஒரே ஒரு தடவை சடக்குன்னு எடுத்து விட்டுடுங்களேன்."

"தொடவே மாட்டேன்." அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு முகவரி சொன்னாள்.

முழக்கம் மேஜையிலிருந்து இறங்கினார். இடது பாதம் ஈரத்துணி மாதிரி சப்பென்று தரையில் விழுந்தது. இன்னொரு அடி வைத்தார். மறுபடியும் சப்பென்று விழுந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அவருடைய கார் நின்றிருந்தது. அவர் போகிறேன் என்று போனால் அவளால் என்ன செய்ய முடியும்?

மச்சான் போனோடு உள்ளே பாய்ந்தார். "அத்தான், கூட்டம் கூடிடுச்சாம்!" அப்புறம் போனில், "சிங்கம் கிளம்பிடுச்சுப்பா, இன்னும் பத்தே நிமிஷம்..."

முழக்கம் தன் பாதத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"தம்பி, நான் வரல. இல்ல, தொண்டை நல்லாத்தான் இருக்கு." எச்சில் விழுங்கினார். "எனக்குக் காலையிலேர்ந்து ஒண்ணுக்கு வரல. ஆமாப்பா, ஒண்ணுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அவர் வாழ்நாளில் பேசியதிலேயே சின்னப் பேச்சு அது. மச்சான், தான் நிரப்பிய தாளை எடுத்துப் பார்த்தார்.

"சரியாயிடுமாம்மா?" என்றார் முழக்கம்.

"தெரியாதுங்க. ஆனா இன்னும் நேரம் இருக்கு."

ஸ்ட்ரெச்சர் வந்தது. படி வளைவில் அதைச் சாய்த்துத் திருப்பியபோது அவர் அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். கீழே வந்தும் விடவில்லை. அவளும் செருப்பு மாட்டாமலே வண்டியில் ஏறினாள்.