அரிசி டிரம்முக்குள் ஒரு கவர்

நாகலக்ஷ்மி தபாலைப் பிரிக்காமலே படித்துவிடுவாள். மெல்லிய கவர் என்றால் நல்ல சேதி, தடித்த கவர் என்றால் போச்சு. அம்பாசமுத்திரத்தில் கற்ற கணக்கு அது. அவள் அண்ணனுக்கு வங்கி வேலை ஒற்றைத் தாளில்தான் வந்தது. கணவர் பிச்சுமணிக்கு வந்த முதல் வேலை உத்தரவும் அப்படித்தான். அவள் ஆசிரியர் பயிற்சிக்குப் போட்ட விண்ணப்பம் மட்டும் சான்றிதழ் நகல்களோடு பொட்டலமாகத் திரும்பி வந்தது. அதுவும் பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சைக்குக் கிளம்புகிற காலையில். கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதிய அந்தப் பேப்பரில் அவள் தேறவில்லை. மேலே படிப்பு என்ற பேச்சே அத்தோடு வீட்டில் முடிந்துபோனது.

ஆகவே 1999 ஏப்ரல் முதல் வாரத்தில், அமெரிக்காவில் அவர்கள் குடியிருந்த ஃபிரிஸ்கோ வீட்டின் தபால்பெட்டியில் மகள் ஹம்சாவின் பேருக்கு ஒக்லஹோமா பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து தலையணை கனத்தில் ஒரு கவர் கிடந்தபோது, நாகலக்ஷ்மி அதைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தாள். பாவம், அத்தனை காகிதத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்களே! மே மாதம் பரீட்சைகள் இருக்கின்றன. தனக்கு நேர்ந்தது பெண்ணுக்கு நேரக்கூடாது. பரீட்சை முடிந்ததும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கவரை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். அந்த வீட்டில் வேறு யாரும் கை வைக்காத இடம் அது ஒன்றுதான்.

ஹம்சாவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு படிப்புதான்: வானிலை. புயல் எங்கே கிளம்பும், எந்தப் பக்கம் திரும்பும் என்று பத்து வயதிலிருந்து நோட்டில் எழுதி வைக்கிற பெண். பிச்சுமணிக்கோ அது பெரிய தமாஷ். ரிச்சர்ட்சனில் டெலிபோன் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர் அவர். கம்ப்யூட்டர் என்று எழுதத் தெரிந்தவனுக்கெல்லாம் கூப்பிட்டு வேலை கொடுக்கிற காலத்தில், மழையைப் பற்றி யாராவது காலேஜில் போய்ப் படிப்பார்களா?

"ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்" என்று வானொலிக் குரலில் இழுத்துச் சொல்லிவிட்டு, "இதுக்கு நாலு வருஷமா?" என்பார்.

போன வருஷம் ஒருநாள் ஹம்சா, "அப்பா, காரை உள்ளே போடுங்கோ, ஹெயில் வரும்" என்றாள். அப்போதும் அந்த வானொலிக் குரல்தான். கராஜ் முழுக்க இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டிகள் வேறு. சாயங்காலம் எலுமிச்சம்பழ அளவில் ஆலங்கட்டி விழுந்து காரின் முன்மூடி இட்லித்தட்டு மாதிரி குழிகுழியாகிவிட்டது. அதற்குப் பிறகும் மனுஷர் கிண்டலை விட்டாரா என்றால், இல்லை.

ஏப்ரல் முழுக்க ஹம்சா பள்ளியிலிருந்து வந்ததும் ஒரே கேள்விதான் கேட்பாள். "எனி மெயில் ஃபார் மீ?"

"ஒண்ணும் வரலைடி கண்ணா."

பொய் சொல்லும்போது நாகலக்ஷ்மிக்கு நாக்கு தடுக்கியது. அதைவிட மோசம், மனசின் ஒரு மூலையில் ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. இனிமேல் பெண் எங்கேயும் போகமாட்டாள். பக்கத்திலேயே, ஏற்கெனவே இடம் கொடுத்துவிட்ட ரிச்சர்ட்சன் காலேஜில் சேர்ந்துவிட்டால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்படி நினைத்ததற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நினைக்கத்தான் செய்தாள்.

மே முதல் தேதி சனிக்கிழமை. பிச்சுமணி ஆபீஸ் போகிற வழியில் ஹம்சாவை ரிச்சர்ட்சன் நூலகத்தில் படிக்க இறக்கிவிட்டுப் போயிருந்தார். பத்தே முக்காலுக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைக்கப் போன நாகலக்ஷ்மிக்கு அங்கே ஒரு கவர் கண்ணில் பட்டது. மேலே, நேரில் சொல்ல வாய் வராமல் ஹம்சா காலையில் ஒட்டிவைத்து, கிளம்புகிற அவசரத்தில் அவர் பார்க்காமலே போன துண்டுச் சீட்டு: "அப்பா, கம்ப்யூட்டர் சயன்ஸுக்கே போறேன். கார்டுல சைன் பண்ணுங்கோ. இன்னிக்குள்ள போஸ்ட் பண்ணணும்."

ரிச்சர்ட்சன் காலேஜ் இடம் கொடுத்து, சம்மதம் எழுதி அனுப்பவேண்டிய கார்டோடு அனுப்பிய கவர் அது. பிப்ரவரியில் வந்ததை ஹம்சாவே எடுத்துத் தன் மேஜை இழுப்பறைக்குள் போட்டிருந்தாள். நாகலக்ஷ்மி இப்போதுதான் பார்க்கிறாள். கையில் எடுத்தாள். தலையணை கனம்.

இடம் கொடுத்த கவரே இவ்வளவு தடிமனா? அப்படியானால்…

டிரம்மைக் கவிழ்த்தாள். சமையலறை முழுக்க அரிசி சிதறியது. கிழித்த கவருக்குள் முதல் தாளின் முதல் வார்த்தையே 'கங்கிராஜுலேஷன்ஸ்'. இரண்டாம் தாளில் தடித்த எழுத்தில், மே ஒன்றாம் தேதி தபால் முத்திரையோடு பதில் வரவேண்டும் என்றும், மாணவரும் பெற்றோரில் ஒருவரும் கையெழுத்திட வேண்டும் என்றும் இருந்தது. சனிக்கிழமை தபால் ஆபீஸ் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும்.

நாகலக்ஷ்மியிடம் லைசென்ஸ் இருந்தது, வாசலில் பழைய கார் இருந்தது. இல்லாதது தைரியம்தான். நாலு வருஷமாகக் கடைக்கும் பள்ளிக்கும் சந்து பொந்தாகவே ஓட்டுகிறவள், ஃப்ரீவே என்கிற அதிவேகச் சாலைப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. சந்து பொந்தாகப் போனால் இன்றைக்குப் பன்னிரண்டரை ஆகிவிடும். "பிள்ளையாரப்பா" என்று சொல்லிக்கொண்டு ஃப்ரீவேயில் ஏறினாள். லாரிகள் இரண்டு பக்கமும் உறுமின. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். "போடா, நீ முன்னாடி போ" என்று தமிழிலேயே அவனைத் திட்டினாள்.

நூலகத்தில் இயற்பியல் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த ஹம்சா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் புடவையில் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போடு. அப்புறம் திட்டு."

ஹம்சா தாளைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, யூ ட்ரோவ் ஹியர்? ஃப்ரீவேலயா?"

பெற்றோர் என்ற கோட்டின்மேல் நாகலக்ஷ்மி கையெழுத்துப் போட்டாள். பள்ளித் தாள்களில் எப்போதும் பிச்சுமணிதான் போடுவார். தன் பெயர் அங்கே எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

தபால் ஆபீஸில் கவுண்டர் பெண்மணி விளக்கை அணைக்கப் போய்விட்டாள். இவர்கள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தாள். விலாசத்தைப் படித்து, சிரித்து, முத்திரையைக் கையாலேயே ஓங்கிக் குத்தினாள். "யூ மேட் இட், ஹனி!" நாகலக்ஷ்மி தன்னையறியாமல் கை கூப்பினாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணை அவள் ஆயுசுக்கும் மறக்கவில்லை.

காருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்பாசமுத்திரத்துக் கவர், அழுதுகொண்டே எழுதிய பரீட்சை, அரிசி டிரம், அந்த மூலையில் எட்டிப் பார்த்த நிம்மதி, எதையும் மறைக்கவில்லை.

"நீ ஆத்துலயே இருப்பேன்னு சந்தோஷமாக்கூட இருந்துதுடி. மன்னிச்சுக்கோ."

ஹம்சா அம்மாவின் தோளிலிருந்து ஓர் அரிசியை எடுத்தாள்.

"இட்ஸ் ஒன்லி த்ரீ அவர்ஸ், அம்மா. நீதான் இப்போ ஃப்ரீவே ஓட்டறியே."

சாயங்காலம் பிச்சுமணி வந்ததும் நாகலக்ஷ்மி நின்றபடியே சொன்னாள். "ஏன்னா, ஹம்சாவுக்கு ஒக்லஹோமாவில இடம் கிடைச்சுடுத்து. பெத்தவா ஒருத்தர் கையெழுத்துப் போதும்னு போட்டிருந்தது. நானே போட்டுட்டேன்."

அவர் மேஜைமேல் கிடந்த ரிச்சர்ட்சன் கார்டைப் பார்த்தார். மகளின் துண்டுச் சீட்டைப் படித்தார். "கம்ப்யூட்டருக்கே போறேன்னு இஷ்டமில்லாமலா இவ எழுதி வெச்சா?" என்றார். சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கராஜுக்குள் போனார். பெட்டிகளை இழுக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நாகலக்ஷ்மிக்குப் பயமாக இருந்தது. கோபம் வந்தால் சாமான்களை நகர்த்துகிற மனுஷர் அவர்.

கடைசியில் வேர்த்து விறுவிறுத்துக் கதவருகே வந்து நின்றார். வானொலிக் குரல் இல்லை, சாதாரணக் குரல்.

"ஹம்சா, இன்னிக்கு ஹெயில் வருமா?"

"மேபீ, அப்பா. ஆஃப்டர் நைன்."

"சரி" என்று சொல்லிவிட்டு, குழி விழுந்த காரை எடுத்து, காலியாக்கி வைத்திருந்த இடத்தில் உள்ளே நிறுத்தினார்.